ஆசிரியருக்குத் துணை: பார்வையற்றோர் கல்வியில் தொழில் கைமாறிய வரலாறு

பார்வையற்ற குழந்தைகளுக்குக் கற்பிக்கும் தொழில், தொடங்கிய நாளிலிருந்தே, ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரின் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்ட தொழில். அதற்கென்று பல்கலைக்கழக வகுப்பும் சான்றிதழும் வர நூறாண்டுக்கு மேல் பிடித்தது. அதுவரை பள்ளிக்கூடமே பயிற்சிக் கல்லூரியாக இருந்தது. பல இடங்களில் நேற்றைய மாணவரே இன்றைய ஆசிரியர்.

1784இல் பாரிஸில் வாலன்தேன் அயுயி என்ற மொழிபெயர்ப்பாளர், தெருவில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த பிரான்சுவா லெசுவர் என்ற பார்வையற்ற இளைஞரைத் தம் முதல் மாணவராகச் சேர்த்துக்கொண்டார். படிக்க உட்கார்ந்தால் அன்றைய பிச்சை போய்விடும் என்பதால், அந்த நட்டத்தை ஈடுகட்டப் பணமும் கொடுத்தார். அவருக்கு முன் இப்படியொரு பள்ளி இருந்ததில்லை. எனவே முறை கேட்கப் போக வேறு பள்ளி ஆசிரியரும் இல்லை. அவருக்குக் கைகொடுத்தவர், அந்தச் சமயத்தில் கச்சேரிக்காகப் பாரிஸ் வந்திருந்த வியன்னாவின் பார்வையற்ற பியானோ கலைஞர் மரியா தெரேசியா ஃபான் பாரதிஸ். எழுதவும் படிக்கவும் அவர் கையாண்ட வழிகளை அயுயி கேட்டறிந்தார். இத்துறையின் முதல் ஆசிரியருக்கு வழிகாட்டியவரே பார்வையற்ற ஒருவர்தான் என்பதைப் பின்னால் வந்தவர்கள் அடிக்கடி மறந்துபோனார்கள்.

1785இல் அயுயி பள்ளியைத் தொடங்கினார். மேடிட்ட எழுத்துகளை விரலால் தடவிப் படிப்பது அவருடைய முறை. அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட நூலை அச்சிட்டவர்கள் மாணவர்களே. மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குப் பாடம் சொல்லும் வழக்கமும் அங்கே வேரூன்றியது. படிப்பில் தேறியவரைத் துணையாசிரியராக வைத்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்குப்பின் முழு ஆசிரியராக உயர்த்துவார்கள். 1819இல் பத்து வயதுச் சிறுவனாக அந்தப் பள்ளியில் சேர்ந்த லூயி பிரெய்ல் இந்தப் படிகளில் ஏறித்தான் 1833இல் ஆசிரியரானார். பின்னால் பிரெய்ல் என்றே பெயர்பெற்ற புள்ளி எழுத்தை அவர் சீர்செய்ததும் இந்தச் சூழலில்தான். இரவில் விடுதியில் தோழர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் விரல் எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துத் திருத்த அங்கே வாய்ப்பு இருந்தது.

அந்த எழுத்து பிழைத்ததற்கும் சக ஆசிரியர்களும் மாணவர்களுமே காரணம். 1840இல் பள்ளித் தலைமை மாறியது. புதிய இயக்குநர் துஃபோ, பார்வையுள்ளோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்துவிடும் என்று கருதிப் புள்ளி எழுத்தை ஒதுக்கினார். மாணவர்கள் மறைவாக எழுதிப் பழகினார்கள். ஒருவர் மற்றவருக்குக் கற்றுக்கொடுத்தார். நான்கு ஆண்டுகளுக்குள் துணை இயக்குநர் ஜோசப் குவாதே அதன் பக்கம் வந்துவிட்டார். 1844 பிப்ரவரியில் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அதன் பயன் எல்லார் முன்னிலையிலும் காட்டப்பட்டது. இதே குவாதேதான் 1855இல் பார்வையற்றோரின் ஆசிரியர்களுக்கென்றே ஒரு மாத இதழ் தொடங்கினார். வெவ்வேறு நகரங்களில் தனித்தனியே உழைத்துவந்தவர்கள் ஒருவர் அனுபவத்தை ஒருவர் படிக்க அந்த இதழ் வழிசெய்தது.

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளும் இதே திசையில் நகர்ந்தன. வியன்னாவில் 1804இல் கற்பிக்கத் தொடங்கிய யோஹன் வில்ஹெல்ம் கிளைன், 1819இல் இத்துறைக்கென விரிவான பாடநூல் எழுதினார். 1873இல் அதே வியன்னாவில் பார்வையற்றோரின் ஆசிரியர்கள் கூடிய முதல் ஐரோப்பிய மாநாடு நடந்தது.

அமெரிக்காவுக்கு இந்தத் தொழில் ஆள்வழியாகவே போய்ச் சேர்ந்தது. பாஸ்டனில் பள்ளி தொடங்கப் பொறுப்பேற்ற மருத்துவர் சாமுவேல் கிரிட்லி ஹவ், 1831இல் ஐரோப்பியப் பள்ளிகளைச் சுற்றிப் பார்க்கக் கப்பலேறினார். திரும்பும்போது புத்தகங்கள், கருவிகளோடு இரண்டு ஆசிரியர்களையும் ஏற்பாடு செய்துகொண்டு வந்தார். பாரிஸிலிருந்து வந்தவர் பாடம் நடத்த. எடின்பரோவிலிருந்து வந்தவர் கைத்தொழில் கற்றுக்கொடுக்க. இருவருமே பார்வையற்றவர்கள். 1832இல் ஹவ்வின் தந்தை வீட்டிலேயே வகுப்பு தொடங்கியது. பின்னாளில் பெர்கின்ஸ் பள்ளி என்று உலகம் அறிந்தது அதைத்தான். ஹவ் ஆண்டுதோறும் விரிவான அறிக்கை எழுதினார். 1837இல் சேர்ந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற கண்ணும் காதும் இழந்த சிறுமிக்கு மொழியை எப்படிக் கற்பித்தார் என்பதைப் படிப்படியாக அந்த அறிக்கைகளில் பதிந்துவைத்தார். யார் கையில் அவை பயன்படப்போகின்றன என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவர் 1876இல் இறந்துவிட்டார்.

அந்தக் கை ஆன் சல்லிவனுடையது. கண்ணும் காதும் இழந்த சிறுமி ஹெலன் கெல்லருக்குக் கற்பிக்க 1887 மார்ச் 3ஆம் தேதி அலபாமா மாநிலத்தின் டஸ்கம்பியா ஊரில் வந்திறங்கியபோது அவருக்கு வயது இருபது. ஏழை விடுதியிலிருந்து பெர்கின்ஸுக்கு வந்து, ஆறாண்டு படித்து, வகுப்பில் முதலாவதாகத் தேறியவர். ஆசிரியர் பயிற்சி எதுவும் பெற்றதில்லை. ஆனால் வெறுங்கையோடும் வரவில்லை. பெர்கின்ஸ் விடுதியில் பிரிட்ஜ்மனோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, உள்ளங்கையில் விரலால் எழுத்துக் கூட்டிப் பேசப் பழகியிருந்தார். வேலை வந்த பிறகு, தேறியும் தேறாத கண்களை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் ஹவ்வின் குறிப்புகளைப் படித்தார். பெட்டியில் ஒரு பொம்மை இருந்தது. பெர்கின்ஸ் குழந்தைகள் ஹெலன் கெல்லருக்குக் கொடுத்தனுப்பியது. அதற்கு உடை தைத்தவர் பிரிட்ஜ்மன். ஹெலனின் உள்ளங்கையில் சல்லிவன் முதன்முதலில் கூட்டிய சொல்லும் பொம்மைதான்.

தனியாளாகச் சாதித்தவர் என்று சல்லிவனைப் பற்றிச் சொல்லப்படும் கதை பாதி உண்மை. கெல்லர் வீட்டில் இந்த வேலை தெரிந்தவர் எவருமில்லை. தெரிந்தவர்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால் பாஸ்டனில் இருந்தார்கள். அந்தத் தொலைவைக் கடிதங்கள் இட்டு நிரப்பின. பெர்கின்ஸ் விடுதிக் காப்பாளராகச் சல்லிவனைத் தாய்போல் பார்த்துக்கொண்ட சோஃபியா ஹாப்கின்ஸுக்கு அவர் ஓயாமல் எழுதினார். ஹெலன் சல்லிவனின் பல்லை உடைத்தது, சாப்பாட்டு மேசையில் பிறர் தட்டிலிருந்து அள்ளித் தின்றது, குடும்பத்தாரை வெளியே அனுப்பிவிட்டு ஒரு கைக்குட்டையை மடிக்க வைப்பதற்காக நடத்திய போராட்டம், தோட்டத்துச் சிறுவீட்டுக்குக் குழந்தையோடு தனியே குடிபோனது, எல்லாம் அவற்றில் உண்டு. ஏப்ரல் 5ஆம் தேதி குழாயடியில் தண்ணீர் என்ற சொல் ஹெலனுக்குப் புரிந்த செய்தியும் அப்படித்தான் பாஸ்டன் போனது.

ஆசிரியர்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் அதற்கடுத்த நாட்களின் கடிதத்தில் இருக்கிறது. ஹெலனின் உறவில் பதினைந்து மாதக் குழந்தை ஒன்று இருந்தது. பேச்சு வராத அந்தக் குழந்தை, பெரியவர்கள் முழு வாக்கியமாகப் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பொருள் புரிந்துகொள்வதைச் சல்லிவன் கவனித்தார். அன்றிலிருந்து மணி அடித்துப் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, ஹெலனின் கையிலும் முழு வாக்கியங்களாகவே பேசத் தொடங்கினார். ஹவ் செய்யாத காரியம் இது. முன்னோடியின் குறிப்பைக் கரைத்துக் குடித்தவருக்குத்தான் அதிலிருந்து எங்கே விலகலாம் என்று தெரிந்தது. விலகத் துணிவு வந்ததற்கு, யோசனையை எழுதிப் பார்க்கவும் தடுமாற்றத்தை ஒளிக்காமல் சொல்லவும் ஓர் ஆள் இருந்தது பெரிய காரணம். ஹாப்கின்ஸ் கற்பித்தல் நிபுணரல்லர். பரிவோடு படித்தார், பதில் எழுதினார். 1903இல் கெல்லரின் சுயசரிதையோடு சேர்த்து அச்சான அந்தக் கடிதங்கள், பின்வந்த ஆசிரியர்களுக்கும் வழித்துணையாயின.

1912இல் பெர்கின்ஸ் பள்ளி பாஸ்டனுக்கு அருகே வாட்டர்டவுனுக்குக் குடிபெயர்ந்தது. இயக்குநர் எட்வர்ட் ஆலன் அங்கே சிறு சிறு இல்லங்களாக விடுதியைக் கட்டினார். மாணவரும் ஆசிரியரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர், ஒரு குழந்தை தட்டிலிருக்கும் உணவை எப்படிக் கண்டறிகிறது, படிக்கட்டில் எப்படி இறங்குகிறது என்பதையெல்லாம் மூத்தவர் அருகிலிருந்தே பார்த்தார். 1920இல் ஆலன் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பார்வையற்றோரின் ஆசிரியர்களுக்கான வகுப்பைத் தொடங்கினார். விரிவுரை கேட்பவர்கள் பெர்கின்ஸில் தங்கிப் பழகவும் வேண்டும் என்பது அதன் அமைப்பு. வெளிநாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே வந்து பயின்றார்கள்.

இந்த ஏற்பாடு முழுவதையும் புரட்டிப்போட்டது குறைமாதக் குழந்தைகளின் கண்ணோய். 1940களில் மருத்துவமனைகள் குறைமாதக் குழந்தைகளை ஆக்சிஜன் நிறைந்த பெட்டிகளில் வைத்துக் காப்பாற்றத் தொடங்கின. உயிர் பிழைத்த பல குழந்தைகளின் விழித்திரை கெட்டது. 1942இல் பாஸ்டன் மருத்துவர் தியோடர் டெர்ரி இந்நோயை விவரித்தார். 1951இல் மெல்போர்ன் மருத்துவர் கேட் கேம்ப்பெல் அளவுக்கு மீறிய ஆக்சிஜனே காரணமாக இருக்கலாம் என்று காட்டினார். 1950களின் நடுவில் அமெரிக்க மருத்துவமனைகள் பல சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிசெய்தது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள்; பெரும்பாலோர் அமெரிக்கர்கள். அத்தனை பேருக்கும் விடுதிப் பள்ளிகளில் இடமில்லை. ஐந்து வயதில் பிள்ளையைத் தொலைதூர விடுதிக்கு அனுப்பப் பெற்றோருக்கும் மனமில்லை. பிள்ளைகள் பக்கத்துத் தெருப் பள்ளியிலேயே சேர்ந்தார்கள்.

வழி ஓரளவு முன்பே திறந்திருந்தது. 1900இலேயே சிகாகோவில் பொதுப்பள்ளிக்குள் பார்வையற்ற பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கியிருந்தது. இப்போது இன்னொரு முறை பரவியது: சிறப்பாசிரியர் ஒருவர் வாரம் முழுக்கப் பள்ளி பள்ளியாகப் போய், ஒவ்வொன்றிலும் ஓரிரு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது. குழந்தை வீட்டிலிருந்தே, அண்ணன் தங்கையோடு படிக்கப் போகிறது என்ற வகையில் இது பெரும் நன்மை. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. அந்த நன்மைக்கான விலையை ஆசிரியர் கொடுத்தார். விடுதிப் பள்ளியில் கதவைத் தட்டினால் பதில் சொல்ல ஒரு மூத்தவர் இருந்தார். ஊர் ஊராகக் காரில் போகும் ஆசிரியருக்கு அப்படி யாருமில்லை. அவர் போகும் பள்ளியின் தலைமையாசிரியருக்கும் பிரெய்ல் தெரியாது. அவர் செய்வது சரியா தவறா என்று சொல்லத்தக்க ஒருவர் அந்த மாவட்டத்திலேயே இல்லாமலும் போகலாம்.

தனியே விடப்பட்ட புதியவர் எங்கே வழுக்குவார் என்பதற்குப் பிரெய்ல் வாசிப்பே நல்ல உதாரணம். பார்வையுள்ள ஆசிரியர் புள்ளிகளைக் கண்ணால் படிக்கிறார். ஒரு சொல் முழுவதும் அவருக்கு ஒரே நேரத்தில் தெரிகிறது. குழந்தையின் விரல் நுனிக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டம்தான் எட்டும். விரலை ஒரே இடத்தில் வைத்து மேலும் கீழும் தேய்க்கும் பழக்கம் தொடக்கத்தில் பல பிள்ளைகளிடம் வரும். எழுத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறதே என்று புதிய ஆசிரியர் அதை விட்டுவிடுவார். இரண்டாண்டு கழிந்தால் அந்தப் பழக்கம் இறுகி, வாசிப்பு வேகம் ஏறவே ஏறாது. மூத்தவர் பக்கத்தில் நின்றால் முதல் வாரத்திலேயே பிடித்துவிடுவார். விரல் இலேசாகப் படட்டும், இரண்டு கையும் தாளில் இருக்கட்டும், வலக்கை வரியை முடிக்கும்போதே இடக்கை அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போய்விடட்டும் என்று குழந்தையின் கையை வைத்தே காட்டுவார். இதைப் புத்தகத்தில் படித்திருந்தாலும், ஒரு முறை அருகிலிருந்து பார்த்தவருக்கே கைவரும்.

இன்னொரு வழுக்கல் அன்பினால் வருவது. புதியவர் வகுப்பில் குழந்தைக்கு ஒட்டியே உட்காருவார். பென்சிலை எடுத்துத் தருவார், பலகையில் இருப்பதைக் காதில் சொல்வார். சில வாரத்தில் மற்றப் பிள்ளைகள் அந்தக் குழந்தையிடம் பேசுவதை விட்டு, ஆசிரியரிடம் பேசத் தொடங்கிவிடுவார்கள். எப்போது எழுந்து தள்ளி நிற்க வேண்டும் என்பது, தானும் அதே தவற்றைச் செய்து திருந்திய ஒருவர் சொன்னால் உறைக்கும்.

அதே காலத்தில் நடமாட்டப் பயிற்சி வேறொரு பாதையில் போனது. இரண்டாம் உலகப்போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் நீண்ட கைத்தடி முறையை உருவாக்கினார். அதைக் கற்பிக்க வருவோர் கண்ணைக் கட்டிக்கொண்டு, இன்னொரு பயிற்சியாளர் பின்தொடர, தெருவைத் தடியால் தட்டிக் கடக்க வேண்டும். பிறகு இருவரும் இடம் மாறுவார்கள். 1960இல் பாஸ்டன் கல்லூரியில் இது பட்ட மேற்படிப்பாயிற்று. சக பயிற்சியாளரிடம் உயிரை ஒப்படைத்துக் கற்ற பாடம் என்பதால், இத்துறையினரிடையே ஒட்டுறவு தொடக்கத்திலிருந்தே வலுவாக இருந்தது.

1975இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், ஊனமுற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசமான, பொருத்தமான கல்வியை உரிமையாக்கியது. சட்டம் வந்த வேகத்தில் ஆசிரியர்கள் கிடைக்கவில்லை. டெக்ஸாஸ் மாநிலத்தில் இந்த நெருக்கடியின் முழு வடிவமும் தெரிந்தது. தமிழ்நாட்டைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் பரப்புள்ள அம்மாநிலத்தில் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் நூற்றுக்கணக்கான பள்ளி மாவட்டங்களில் சிதறிக் கிடந்தார்கள். ஏற்கெனவே ஆசிரியராக இருந்தவர்கள் கூடுதல் சான்றிதழ் பெற்று இத்துறைக்கு வந்தார்கள். பலர் வேலையில் இருந்தபடியே தொலைதூர வகுப்புகளில் படித்தார்கள். வகுப்பறையில் பத்து, பதினைந்து ஆண்டு பழகியவர், திடீரென்று ஒன்றுமறியாத புதியவராகிவிடும் நிலை இது. இளைஞருக்கு வரும் தடுமாற்றத்தைவிட இது கடினம். சந்தேகம் கேட்கக் கூச்சம் தடுக்கும்.

ஆஸ்டினில் 1856இல் தோன்றிய டெக்ஸாஸ் பார்வையற்றோர் பள்ளி இதற்கு விடை தேடியது. 1990இல் அதன் தலைமைப் பொறுப்பேற்ற ஃபில் ஹாட்லன், 1996இல் எழுதிய கட்டுரையில் பார்வையற்ற பிள்ளைக்கு வழக்கமான பாடங்களோடு தனியே கற்பிக்க வேண்டியவற்றை வரையறுத்தார். பிரெய்ல் முதலிய ஈட்டுத் திறன்கள், நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்வது, பிறரோடு பழகுவது, பொழுதுபோக்கு, தொழில்நுட்பம், எஞ்சிய பார்வையைப் பயன்படுத்துவது, வேலைக்கான ஆயத்தம் என்று அந்தப் பட்டியல் நீண்டது. பட்டியல் வந்ததும் புதிய ஆசிரியரின் சுமை இன்னும் கனத்தது. பாடநூலைப் பிரெய்லுக்கு மாற்றித் தந்தால் போதாது. தோசை சுடவும் கடைக்குப் போகவும் கற்றுத்தருவதற்கு நிகரான காரியங்களும் அவர் பொறுப்பாயின.

1990களின் பிற்பகுதியில் அப்பள்ளி, மாநிலத்தின் 20 வட்டாரக் கல்விச் சேவை மையங்களோடு கைகோத்து வழிகாட்டி ஆசிரியர் திட்டத்தை நடத்தத் தொடங்கியது. புதிதாக வருபவருக்கு அனுபவசாலி ஒருவர் துணையாகிறார். வழிகாட்டி மேலதிகாரி அல்லர். புதியவரின் பணி மதிப்பீட்டில் அவருக்குக் கை கிடையாது. அதனால்தான் புதியவர் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல முடிகிறது. கேட்கப்படும் கேள்விகள் சின்னச்சின்னவை. ஒரு பிள்ளையின் எஞ்சிய பார்வையை வகுப்பறை வெளிச்சத்தில் எப்படிச் சோதிப்பது, பெரிய எழுத்து போதுமா பிரெய்ல் வேண்டுமா என்று எதை வைத்து முடிவெடுப்பது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பெற்றோர் கூட்டத்தில் எப்படி வாதாடுவது, தேசப்படத்தைத் தொட்டறியும் படமாக்கும்போது எந்தக் கோடுகளை நீக்குவது. படத்திலுள்ள ஆறு, சாலை, எல்லை அனைத்தையும் நூலாலும் பசையாலும் மேடாக்கினால் குழந்தையின் விரலுக்கு எல்லாம் ஒரே கரடாகத் தெரியும். ஒரு படத்தில் எல்லையும் இன்னொரு படத்தில் ஆறுகளுமாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்ல ஆள் வேண்டும்.

உலக அளவில் பேச்சுத் துணைக்கான மேடையும் இதற்கிடையே உருவாகியிருந்தது. 1952இல் நெதர்லாந்தின் புஸ்ஸும் நகரில் பல நாட்டு ஆசிரியர்கள் கூடித் தொடங்கிய மாநாடு, இன்று பார்வைக் குறைபாடுடையோரின் கல்விக்கான பன்னாட்டு அமைப்பாக வளர்ந்திருக்கிறது. அதன் தலைமைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவர்களில் கோயம்புத்தூரைச் சேர்ந்த பேராசிரியர் எம். என். ஜி. மணியும் ஒருவர்.

தமிழகத்தில் இந்தக் கல்வி 1890இல் பாளையங்கோட்டையில் தொடங்கியது. ஆஸ்க்வித் அம்மையார் நிறுவிய அந்தப் பள்ளியில் தமிழுக்குப் புள்ளி எழுத்தைப் பொருத்தும் வேலையும் நடந்தது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல்தான் வந்தது. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டு முழுவதும், ஒரு பள்ளியின் எழுத்துமுறை அந்தப் பள்ளியின் ஆசிரியர்களிடமிருந்தே புதியவருக்குப் போக வேண்டியிருந்தது. பூந்தமல்லியில் அரசுப் பள்ளி வந்தது. 1960களில் இந்திய அரசு வட்டாரப் பயிற்சி மையங்கள் அமைத்தபோது சென்னையும் அவற்றில் ஒன்றாயிற்று. கோவைப் பெரியநாயக்கன்பாளையத்தின் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் அவினாசிலிங்கம் நிறுவனமும் சிறப்பாசிரியர்களை உருவாக்கின.

1974இல் மத்திய அரசு கொண்டுவந்த ஒருங்கிணைந்த கல்வித் திட்டம், அமெரிக்கா முன்பே கண்ட திருப்பத்தை இங்கும் கொண்டுவந்தது. பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிகளுக்கு வந்தார்கள், ஆசிரியர் பேருந்தேறினார். 1993 முதல் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெறுவது சிறப்பாசிரியருக்குக் கட்டாயமாயிற்று. அனைவருக்கும் கல்வித் திட்டத்தின்போது வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலும் அந்த அமைப்பு தொடர்கிறது. பார்வைக் குறைபாட்டுப் பிரிவில் பட்டம் பெற்றவரும் தம் வட்டாரத்தில் எல்லா வகைப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களைக் கணக்கில் கொள்கிறது.

வள மையத்தில் செவித்திறன் குறைபாட்டுக்கும் அறிவுத்திறன் குறைபாட்டுக்கும் பயின்ற சக ஆசிரியர்கள் பக்கத்து மேசையில் இருப்பது நல்ல துணை. ஒருவர் துறையில் மற்றவர் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது. பிரெய்ல் தெரிந்த இன்னொருவரோ அடுத்த வட்டாரத்தில் இருப்பார். டெக்ஸாஸைப் போல மூத்தவர் ஒருவரைப் புதியவரோடு பெயர் குறித்து இணைக்கும் ஏற்பாடு இங்கும் செய்யத்தக்கதே. அதற்கு வேண்டிய ஆட்களும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்: பாளையங்கோட்டை, பூந்தமல்லி போன்ற பள்ளிகளில் ஆண்டுக்கணக்கில் பிரெய்ல் கற்பித்தவர்களும், அரசுப் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் வரலாறும் நடத்திவரும் பார்வையற்ற பட்டதாரி ஆசிரியர்களும்.